மலையில் பிரசவ வலி மந்தமாகுமா?

கேள்வி இதுதான். மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்கிறார். மனைவிக்கு எட்டாம் மாதம், தலைப்பிரசவம், ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 8.6 கிராம். மாமியார் போடியில் இருக்கிறார். "மலையில் காத்து லேசு, ஆக்ஸிஜன் பத்தாது, வலி பிடிச்சாலும் பாதியில் நின்னுரும், கீழே கூட்டிட்டு வந்துருங்க" என்கிறார். சித்தப்பா மகன் எங்கோ படித்துவிட்டு நேர்மாறாகச் சொல்கிறார்: ஆக்ஸிஜன் குறைந்தால் கர்ப்பப்பை இன்னும் பலமாகச் சுருங்குமாம், அதனால் குறைமாதத்திலேயே வலி வந்துவிடுமாம். யார் சொல்வது சரி, ஜீப்பில் ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

தம்பி, நான் மலையிலும் கீழே தேனிப் பக்கமும் லேபர் ரூமில் வேலை பார்த்தவள். உங்கள் மாமியார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, சித்தப்பா மகன் படித்ததிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு பேருமே பழியைப் போடும் இடம்தான் தப்பு. மூணாறு காற்று உங்கள் மனைவியின் வலியை நிறுத்தப் போவதில்லை. உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது ஒன்றுதான், அந்த 8.6, அதாவது ரத்தசோகை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கர்ப்பப்பை முழுக்கத் தசை. நம் கை கால் தசை மாதிரி நாம் நினைத்தால் அசைகிற தசை இல்லை, தானாக இயங்குவது. அந்தத் தசைச் செல்களில் ஒரு மின் துடிப்பு எழுந்ததும் வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் வந்ததும் தசை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன, கர்ப்பப்பை இறுகுகிறது. அதைத்தான் வலி என்கிறோம். பிறகு கால்சியத்தை வெளியேற்றி, தசையைத் தளர விட வேண்டும். இழுப்பதற்கும் சரி, தளர்வதற்கும் சரி, ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். அதைப் போதுமான அளவு செய்ய ஆக்ஸிஜன் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கர்ப்பப்பைக்கும் நஞ்சுக்கொடிக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்தத் தசைச் சுவரின் ஊடாகத்தான் போகின்றன. தசை இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. ஆகவே வலி வரும் ஒவ்வொரு முறையும், ஈர வேட்டியை முறுக்கிப் பிழிவதுபோல, கர்ப்பப்பை தன்னுடைய ரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. நல்ல வலி பிடித்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு மூன்று நான்கு முறை வரும், ஒவ்வொன்றும் 40 நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை நிற்கும். அப்போது உள்ளே அழுத்தம் 50 மி.மீ. பாதரசத்தைத் தாண்டும். அந்த ஒரு நிமிடம் தசைக்கும் ரத்தம் குறைவு, குழந்தைக்கும் குறைவு. வலி விட்டதும் ரத்தம் மறுபடி பாய்கிறது. ஆக, எந்த ஊரில் பெற்றாலும், சென்னைக் கடற்கரையிலேயே பெற்றாலும், பிரசவம் என்பதே விட்டு விட்டு வரும் ஆக்ஸிஜன் குறைவுதான்.

மாதவிடாய் நாளில் சில பெண்கள் சுருண்டு படுப்பதற்கும் ஏறத்தாழ இதே காரணம்தான். பிராஸ்டகிளான்டின் என்ற பொருள் அளவுக்கு மீறிச் சுரந்து, கர்ப்பப்பை இறுகி, தனக்குப் போகும் ரத்தத்தைத் தானே தடுத்துக்கொள்கிறது. ரத்தம் கிடைக்காத தசை வலிக்கிறது. மெஃப்டால் மாதிரியான மாத்திரைகள் கேட்பது அந்தப் பொருள் சுரப்பதைக் குறைப்பதால். "சும்மா நடிக்கிறா" என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் மட்டும் அந்த மாத்திரையைத் தொடக்கூடாது, அது வேறு சங்கதி.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆக்ஸிஜன் தொடர்ச்சியாகக் குறைந்தால் என்ன ஆகும்? சோதனைச்சாலையில் கர்ப்பப்பைத் தசையின் ஒரு சிறு துண்டை எடுத்து, ஆக்ஸிஜன் இல்லாத நீரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுருக்கம் படிப்படியாகச் சிறுத்து அடங்கிவிடும். ஏடிபி குறைகிறது, செல்லில் பொட்டாசியம் வாயில்கள் திறந்து மின் துடிப்பு மந்தமாகிறது, கால்சியம் உள்ளே வருவது குறைகிறது, லாக்டிக் அமிலம் சேர்ந்து தசை புளிக்கிறது. இந்த நான்கும் வலியைக் குறைக்கும் பக்கமே இழுக்கின்றன. உங்கள் மாமியார் சொன்ன பாதி உண்மை இது.

மற்ற பாதியைக் கண்டது இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில், சூசன் ரே என்ற பேராசிரியரின் குழு. ஆக்ஸிஜனை ஒரேயடியாக நிறுத்தாமல், உண்மையான பிரசவத்தில் நடப்பதுபோலக் கொஞ்ச நேரம் நிறுத்தி, திருப்பிக் கொடுத்து, மறுபடி நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தும்போதெல்லாம் சுருக்கம் தணிந்தது. ஆனால் ஆக்ஸிஜன் திரும்பியதும் முன்பைவிடப் பலமாக வந்தது. சுற்றுக்குச் சுற்று பலம் ஏறியது, ஏறியபடியே நின்றது. எலியிலும் மனிதத் தசையிலும் இதைப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். முதல் வலி இலேசாக வந்து, போகப் போகக் கடுமையாவது எப்படி என்ற பழைய கேள்விக்கு இது ஒரு நல்ல விடை. ஒவ்வொரு வலியும் ஏற்படுத்தும் சின்ன மூச்சுத்திணறல்தான் அடுத்த வலிக்குப் பலம் கொடுக்கிறது.

சித்தப்பா மகன் கவனிக்காத வரி ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறது. இந்தப் பலமேற்றம் மாதம் நிறைந்த கர்ப்பப்பையில்தான் விழித்துக்கொள்கிறது. எட்டாம் மாதத்தில் மலைக்காற்றைச் சுவாசித்தால் இது கிளம்பிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. எட்டாம் மாதத்தில் வயிறு அவ்வப்போது இறுகித் தளர்வது பொய் வலி, ஓய்வெடுத்தால் போய்விடும். விட்டு விட்டு ஒழுங்கான இடைவெளியில் வந்தாலோ, தண்ணீர் போனாலோ, ரத்தம் பட்டாலோ பொய் வலி என்று உட்கார்ந்திருக்காதீர்கள், அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

இரண்டு வலிக்கு நடுவில் வரும் ஓய்வு இங்கே ரொம்ப முக்கியம். அந்த ஒன்றரை இரண்டு நிமிடத்தில்தான் தசை சேர்த்த அமிலத்தை ரத்தம் கழுவிக்கொண்டு போகிறது, எரிபொருள் மறுபடி நிரம்புகிறது, குழந்தை மூச்சு வாங்கிக்கொள்கிறது. ஓய்வு போதாமல் போனாலோ, வருகிற ரத்தத்தில் சரக்கு குறைவாக இருந்தாலோ கணக்கு தவறுகிறது. லிவர்பூல்காரர்களே 2004இல் சிசேரியன் செய்த தாய்மார்களின் கர்ப்பப்பைத் தசையிலிருந்து சிறிது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வலி மந்தமாகிப் பிரசவம் முன்னேறாமல் ஆபரேஷனுக்கு வந்தவர்களின் ரத்தத்தில் புளிப்பு அதிகம், லாக்டேட் அதிகம், ஆக்ஸிஜன் குறைவு. மற்ற காரணங்களுக்காக ஆபரேஷனுக்கு வந்தவர்களுக்கு அப்படி இல்லை. "பதினாறு மணி நேரமா வலிக்குது, இப்போ வலியே குறைஞ்சுபோச்சு" என்று ஒரு பெண் சொல்லும்போது, அவள் முக்கத் தெரியாதவள் என்றோ சோம்பேறி என்றோ நினைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். தசை களைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இதைப் பிடித்துக்கொண்டு ஸ்வீடனில் ஒரு சோதனை செய்தார்கள். வலி மந்தமான 200 பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு, வலியைக் கூட்டும் 'வலி ட்ரிப்ஸ்' ஏற்றும் முன்பு சோடியம் பைகார்பனேட் குடிக்கக் கொடுத்தார்கள். அமிலத்தைத் தணிக்க. அவர்களில் ஆபரேஷன், ஆயுதம் எதுவும் இல்லாமல் பெற்றவர்கள் அதிகம். நல்ல செய்திதான், ஆனால் இது இன்னும் பெரிய அளவில் சோதிக்கப்பட வேண்டியது. பைகார்பனேட் என்றால் ஆப்ப சோடாதானே என்று வீட்டில் யாரும் கரைத்துக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். அதில் இருப்பது உப்புச்சத்து, பிரஷர் ஏறியிருக்கும் கர்ப்பிணிக்கு அது ஆபத்து.

வலி ட்ரிப்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வலி மந்தம் என்றதும் எல்லோரும் கேட்பது அதைத்தான். அதில் இருப்பது ஆக்ஸிடோசின். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்து எடுத்த சாறு கர்ப்பப்பையைச் சுருக்கும் என்று ஹென்றி டேல் 1906இல் கண்டார், 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதைச் செயற்கையாகச் செய்தார், அதற்கு 1955இல் நோபல் பரிசு. நல்ல மருந்து, ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. ஆனால் பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் ஓய்வு நேரம் சுருங்கிவிடும், குழந்தையின் இதயத்துடிப்பு விழ ஆரம்பிக்கும். அதனால்தான் லேபர் ரூமில் நர்ஸ் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறாள், சொட்டைக் கூட்டுகிறாள், குறைக்கிறாள், தேவைப்பட்டால் நிறுத்துகிறாள். வீட்டுக்கு வந்து "ஒரு வலி ஊசி போட்டா சட்டுனு பிறந்துரும்" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தசையில் போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியாது.

இப்போது மலைக் கணக்கு. மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆக்ஸிஜனும் அதே விகிதத்தில் குறைவு. கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் ஹீமோகுளோபினுக்கு ஒரு குணம்: காற்றில் ஆக்ஸிஜன் ஓரளவு குறைந்தாலும் அது நிறையவே பிடித்துக்கொள்ளும். போடியில் விரலில் மாட்டும் கருவி 98 காட்டுகிற பெண்ணுக்கு மூணாறில் 96 காட்டலாம். வயிற்றில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின் இதைவிடக் கெட்டிக்காரி. தாயின் தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் கடலோரத்தில் 100 மி.மீ. அளவில் இருக்கும்போது, தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு வரும் நல்ல ரத்தத்திலேயே 30 சொச்சம்தான். அதை வைத்துக்கொண்டு அது சுகமாக வளர்கிறது. உயரத்தால் குழந்தையின் எடை தெளிவாகக் குறைவதும், தாய்க்குப் பிரஷர் கூடுவதும் பொலிவியாவின் லா பாஸ் போல 3,600 மீட்டரில் இருக்கும் ஊர்களின் கவலை. நம் ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், அங்கே வரையாடுதான் குட்டி போடுகிறது. நூறு வருஷத்துக்கு மேலாக லயங்களில் நம் சனங்கள் பெற்று வளர்த்திருக்கிறார்கள், காற்று லேசாக இருப்பதால் வலி நின்றதில்லை.

அடுத்து 8.6இன் கணக்கு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்ஸிஜனைச் சுமக்கும். 12 கிராம் இருந்தால் 100 மி.லி. ரத்தத்துக்குச் சுமார் 16 மி.லி. ஆக்ஸிஜன். 8.6 என்றால் பதினொன்றரை. கால் பங்குக்கு மேல் போய்விட்டது! மலை எடுத்துக்கொள்வது நூற்றுக்கு இரண்டு, ரத்தசோகை எடுத்துக்கொள்வது நூற்றுக்கு இருபத்தெட்டு. இதயம் வேகமாக அடித்து இதைச் சரிக்கட்டப் பார்க்கும், சும்மா இருக்கும்போது சரிக்கட்டியும்விடும். பிரசவத்தில் அந்தக் கையிருப்பு சீக்கிரம் கரைந்துவிடும். இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்கு உடம்பு தானாகக் கொஞ்சம் அதிக ஹீமோகுளோபின் உண்டாக்கும், அதனால் உலக சுகாதார நிறுவனம் உயரத்துக்கு ஏற்றபடி சோகைக்கான வரம்பைச் சற்று உயர்த்திப் பார்க்கச் சொல்கிறது. அதாவது மூணாறில் எடுத்த 8.6, போடியில் எடுத்த 8.6ஐவிட ஒரு படி மோசம்.

இது வலியோடு முடிகிற விஷயமும் இல்லை. குழந்தை பிறந்து நஞ்சு விழுந்த பிறகு கர்ப்பப்பை கல் மாதிரி இறுக வேண்டும். மாதம் நிறைந்த கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. அந்தக் குழாய்களை நெரித்து மூடுவது அதே தசை இழைகள்தான். சோகை கடுமையாக இருக்கும் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்பது பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. போவதைத் தாங்கும் சக்தியும் அவர்களுக்குக் குறைவு. அதனால்தான் பிறந்த உடனே தாய்க்கு ஒரு ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசிக்கு மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம்.

எஸ்டேட்டில் சோகை ஏன் குறையமாட்டேன் என்கிறது? ஒரு காரணம் உங்கள் கையில் இருக்கும் கிளாஸ். மதியம் சாப்பிட்ட கையோடு கட்டன் சாயா, காலையில் மாத்திரை முழுங்கவும் அதே சாயா. தேயிலையில் இருக்கும் டானின் இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொண்டு ரத்தத்துக்குப் போகவிடாது. அங்கன்வாடியில் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லி கிராம் இரும்பு இருக்கிறது. டீயோடு விழுங்கினால் பெரும்பகுதி வீண். எலுமிச்சைச் சாறோடு எடுத்தாலோ, கூட ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலோ நன்றாக ஏறும். டீ வேண்டுமென்றால் முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் வேறு வேளைக்கு மாற்றிவிடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பு.

ஆனால் எட்டாம் மாதத்தில் மாத்திரையை மட்டும் நம்பி உட்கார நேரம் இல்லை. இரும்புச்சத்தை ட்ரிப்ஸாக ஏற்றலாமா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். அது சீக்கிரம் ஏறும், வயிற்றைப் புரட்டாது. 7க்குக் கீழே இறங்கினால் ரத்தமே ஏற்ற வேண்டிவரும்.

அப்புறம் லயத்து அடுப்பு. மூணாறு குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு விறகு எரிப்பதும், சட்டியில் கனல் அள்ளி வந்து படுக்கையறையில் வைப்பதும் வழக்கம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். இருக்கிற எட்டரை கிராமிலும் ஒரு பகுதியை அது எடுத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? விரல் கருவி இதைக் காட்டிக்கொடுக்காது, 98 என்றே காட்டும். மூடிய அறையில் கனல் சட்டி மனிதர்களைக் கொன்றிருக்கிறது, கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

சிலிண்டர் விஷயம். வாங்காதீர்கள், காசு தண்டம். தாய்க்கு ஆக்ஸிஜன் அளவு சரியாக இருக்கும்போது முகமூடி போட்டுக் கூடுதலாகக் கொடுப்பதால் குழந்தைக்கு லாபம் இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2022இல் அந்த வழக்கத்தை விட்டுவிடச் சொன்னது. ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, மேலே ஊற்றினால் வழியத்தான் செய்யும். தாயின் அளவே இறங்கியிருந்தால் கொடுப்பது வேறு. அதற்குப் பதில் செலவே இல்லாத ஒன்று சொல்கிறேன். வலி நேரத்தில் மல்லாக்கப் படுக்கவிடாதீர்கள். வயிற்றின் பாரம் முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் பெரிய ரத்தக் குழாயை அமுக்கி, கர்ப்பப்பைக்கு வரும் ரத்தத்தைக் குறைத்துவிடும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும், முடிந்தவரை நடக்கட்டும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை கஞ்சி, இளநீர், தண்ணீர் கொடுங்கள். வெறும் வயிறும் வறண்ட உடம்பும் அமிலத்தைக் கூட்டும்.

இனி, போடிக்குப் போகலாமா? போங்கள் என்றுதான் சொல்வேன், காரணம் காற்று இல்லை, சாலை. சோகையோடு தலைப்பிரசவம் என்றால் ரத்தம் ஏற்றவும் ஆபரேஷன் செய்யவும் வசதி இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வலி பிடித்த பிறகு நடு ராத்திரியில் ஜீப்பை எடுத்தால் கேப் ரோட்டில் பனிமூட்டமோ மண்சரிவோ இருக்கலாம், வழியில் காட்டு யானை படையப்பா நிற்கலாம், அவன் ஒதுங்கும்போதுதான் ஒதுங்குவான். அதற்குப் பிறகு போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. எப்படியும் வளைகாப்பு முடிந்தால் தாய் வீடு போவது வழக்கம்தானே. 36 வாரம் முடிவதற்குள் பகல் நேரத்தில் நிதானமாகக் கூட்டிப் போய்விடுங்கள். இரும்பு ட்ரிப்ஸை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள், மலையிலேயே ஆரம்பித்துவிடலாம். கேரளத்தில் போட்ட தாய் சேய் அட்டை, ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிந்த எண், கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். போடியில் மாமியார் வீட்டுப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்தால் பதிந்து கொடுப்பார், அதை மாமியாரே இப்போது விசாரித்து வைக்கலாம்.